கன்னத்தில் அதக்கிய மாத்திரை

தொண்ணூறாம் வருடமா, தொண்ணூற்றொன்றா என்று சரியாக நினைவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வயது இருபத்திரண்டு. ஆவடியிலிருந்து ரயிலில் வந்து போவேன். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு விநோதமான வழக்கம். காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் தையல் பெண்கள் வரிசையாக நின்று என்னிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு முறை ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் வெற்றிலைச் சாறு ஒரு துளி பட்டு, யார் கண்ணிலும் படாமல் கப்பலேறி, அந்தச் சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து வெற்றிலை, பாக்கு, புகையிலை எதையும் வாயில் வைத்துக்கொண்டு மெஷினில் உட்காரக் கூடாது என்று மேனேஜர் சட்டம் போட்டார். பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. நாற்பது பேர் 'ஆ' காட்ட, நான் பல் டாக்டர் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். சிலர் வேண்டுமென்றே நாக்கை நீட்டி வம்பு செய்வார்கள்.

அந்த வரிசையில் அயனம்பாக்கத்திலிருந்து நடந்தே வரும் ஓர் அக்கா உண்டு. முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா அம்மா நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அந்த வீட்டிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் இவர்தான். காலர் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே குறை, மாதத்தில் இரண்டு மூன்று நாள் வர மாட்டார். கேட்டால் ஒற்றைத் தலைவலி என்பார். எங்களுக்கெல்லாம் வராத தலைவலியா என்று நாங்கள் சிரிப்போம்.

அந்தச் சமயத்தில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. மூன்று மாதம் அரை நாள்கூட லீவு போடாதவர்களுக்கு மட்டும்தான். நிரந்தரமாகிவிட்டால் நினைத்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த அக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அப்படித் தலையைக் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மாதம் மூன்று வாரம் ஒரு நாள்கூட விடவில்லை. எப்படி முடிந்தது என்று எனக்கே ஆச்சரியம்தான்.

கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வெயில் படாமல் கண்ணைச் சுருக்கியபடி வரிசையில் நின்றார். வாயைத் திறந்தார். நாக்கு சுத்தமாக இருந்தது. ஆனால் மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வெளுத்த மஞ்சளாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது, சுண்ணாம்பா? புகையிலை போட்டிருக்கீங்களா?"

"ஐயோ, மாத்திர மேடம். தலவலிக்கு."

"மாத்திரைன்னா முழுங்க வேண்டியதுதானே?"

"முழுங்குனா அப்டியே வாந்தி எட்த்துடுறேன் மேடம். இத்த கன்னத்துல வெச்சிக்கினு சும்மா இருக்கணுமாம். தானா கரைஞ்சி உள்ள போய்டும்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க."

பின்னால் நின்ற ஒருத்தி சும்மா இருப்பாளா? "தலவலி தலையில கீது, மாத்திர கன்னத்துல கீதா? இன்னாடியம்மா இது!" என்றாள். வரிசையே சிரித்தது.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. புகையிலை வாடை இல்லை. உதடு சிவக்கவும் இல்லை. ஆனால் மருந்து என்றால் தண்ணீர் ஊற்றி விழுங்குவது, இல்லாவிட்டால் ஊசி. கன்னத்தில் அதக்குவது என்றால் எனக்குத் தெரிந்து புகையிலைதான். இன்று இவரை விட்டால், நாளைக்கு நாற்பது பேர் கன்னத்திலும் 'மருந்து' இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

"துப்பிட்டு உள்ள போங்க."

"மேடம், இன்னிக்கி ஒரு நாளு உட்ருங்க. இதான் கடைசி மாத்திர."

"துப்புங்கக்கா."

அவர் விரலை விட்டு அதை எடுத்தார். பாதி கரைந்து கொழகொழவென்று இருந்தது. மேனேஜருக்குக் காட்டலாம் என்று ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு அந்த அக்கா மெஷின் மேலேயே நெற்றியை அழுத்திக்கொண்டு கிடந்தார். "காலரு பாதிதான் தெரியுது மேடம், மீதி பாதிய காணம்" என்றார். எழுந்து ஓடுவதற்குள் வாந்தி. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். வருகைப் பதிவில் அரை நாள் லீவு போட்டது என் கைதான். மறுநாளும் அவர் வரவில்லை.

என்னால் வேலையில் கவனம் வைக்க முடியவில்லை. சாயங்காலம் ரயில் நிலையம் பக்கத்து மருந்துக் கடையில் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். "பொகையில இல்லம்மா. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திர உண்டு. தலவலிக்குக் கன்னத்துலயா? நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றார். ஏற்கெனவே குழம்பியிருந்தவள் இன்னும் குழம்பினேன். அந்த அக்கா பொய் சொன்னாரா, நான் தப்பு செய்தேனா? ஒன்று மாற்றி ஒன்றாக இரண்டையும் நம்பிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும், பக்கத்து மெஷின் பெண்ணிடம் விலாசம் கேட்டு, பூந்தமல்லியில் இருந்த அந்த டாக்டரம்மாவிடமே போய்விட்டேன். காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதை யார் துப்பச் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

அவர் திட்டவில்லை. தன் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார். அந்தத் தலைவலி வந்தால் வயிறு வேலை செய்யாதாம். விழுங்கிய மாத்திரை அப்படியே கிடக்கும், அல்லது வாந்தியில் வந்துவிடும். கன்னத்தின் உள்பக்கத் தோல் மெல்லியது, அதற்கு அடியிலேயே ரத்தம் ஓடுகிறது, மருந்து அது வழியாக நேரே போய்விடும். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கொண்டு வந்த கொஞ்சம் மாத்திரைகளைத்தான் அந்த அக்காவுக்குக் கொடுத்திருந்தாராம். அவரிடமும் தீர்ந்துவிட்டது.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பட்டியல் நேத்தே ஹெட் ஆபீசுக்குப் போயிடுச்சேம்மா. இனிமே ஆறு மாசம் கழிச்சுதான்" என்றார். அழுதுவிட்டேன். அழுது என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கம் ஏரிக்கரையோரம் விசாரித்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் ஒப்பித்து, மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை.

"இதத்தான மேடம் நானும் சொன்னேன்? அத்தினி பேரு முன்னால வாயத் தொறந்துகினு சொன்னேனே. நீங்க இம்மாந்தூரம் பஸ் ஏறி டாக்டராண்ட போய்க் கேட்டுக்கினு வந்தாதான் அது நெசமா?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "குந்துங்க, டீ போட்றேன்" என்று உள்ளே போனார். அந்த டீயைக் குடித்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை.

ஆறு மாதம் கழித்து வந்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதற்காக நான் மேனேஜரிடம் நடையாக நடந்தேன். ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் எந்த நேரமும் வெளியே அனுப்பப்படலாம் என்ற பயத்திலேயே தைத்தார் என்பது எனக்குத் தெரியும்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பிறகு ஒரு நாள் மேனேஜர் ஒரு கன்னம் உப்பியபடி தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்து வந்தார். நான் உடனே, "தொண்டை சரியில்லையா சார்? இருமல் மாத்திரையா?" என்று அக்கறையாகக் கேட்டேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் எனக்குச் சுரீரென்றது. வாயைத் திறக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அக்காவின் ஆறு மாதம் போனது, அப்படி ஒரு மாத்திரை இருப்பது எனக்குத் தெரியாததாலா, இல்லை அதைச் சொன்னது வரிசையில் நின்ற ஒருவர் என்பதாலா என்று இத்தனை வருடம் கழித்தும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். முதலாவதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.