கோபத்துக்கு எடுக்காத வண்டி

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் ஒரு பேட்டரி கேபிள் தொங்குகிறது. முழ நீளம் இருக்கும். மேலே கறுப்பு ரப்பர், இரண்டு முனையிலும் பச்சை பூத்த செம்பு. வளைத்தால் உள்ளே கம்பி நொறுங்குகிற சத்தம் கேட்கும். பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் என் மனைவி அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். "இருக்கட்டும்" என்பேன். அதன் கதை அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடைசல் என்பாள்.

செங்கல்பட்டு கடைத்தெருவில் மெத்தை, தலையணை வியாபாரம் செய்த ஒரு பாயிடம் நான் வெகுகாலம் டிரைவராக இருந்தேன். நல்ல மனிதர். வெளியூர் போனால் தனக்குச் சொல்லும்போதே எனக்கும் சாப்பாடு சொல்லிவிடுவார். ஒரே குறை, கோபம். அது வந்தால் அவரிடம் ஒரே வார்த்தைதான். "கிளம்பு!" கல்யாண வீடாக இருக்கட்டும், பஞ்சாயத்தாக இருக்கட்டும், சொல்லிவிட்டு எழுந்து வந்து காரில் உட்கார்ந்துவிடுவார். கதவைச் சாத்துகிற சத்தத்தில் தெருநாய் எழுந்து போகும்.

ஆனால் வண்டி எடுக்காது. பாயின் வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த தெருவில். உப்புக்காற்று பேட்டரியைத்தான் முதலில் தின்னும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக்கிடக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவுவேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், வாசலின் தடவுவேன். வெளியே இருப்பதைத்தானே தேய்க்க முடியும்? கேபிளின் ரப்பருக்கு உள்ளேயும் உப்பு ஏறிக் கம்பி பொடியாகியிருந்தது. காலையில் ஒழுங்காக எடுக்கும். வெயிலில் ஓடி, சூடாக நின்றால், சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கேபிளைத் தொட்டால் கை சுடும். ஆறுகிறவரை காத்திருக்க வேண்டும். தள்ளினாலும் எடுக்கும். ஆனால், கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர் அந்த வீட்டு ஆட்களையே கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல முடியுமா?

அதனால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தேய்ப்பேன். பாய் பின்சீட்டில் வேர்த்துக்கொண்டிருப்பார். யாராவது டீ கொண்டுவருவார்கள். முதலில் வேண்டாம் என்பார். பிறகு வாங்கிக்கொள்வார். டீ முடியும்போது உள்ளே போயிருப்பார். நான் பார்த்த வரையில் அவர் கோபம் ஒருமுறைகூட அந்தத் தெருவைத் தாண்டியதில்லை.

இதில் ருசி கண்டவர் புதுப்பட்டினத்தில் இருந்த அவர் தங்கச்சி வீட்டுக்காரர். "மச்சான், இன்னிக்குக் கோச்சிக்கப் போறியா? முன்னாடியே சொல்லு, தள்றதுக்கு ரெண்டு பேர நிறுத்தி வைக்கிறேன்" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பாய்க்குச் சுருக்கென்றது. போகும்போது என்னிடம், "இன்னாப்பா வண்டி வெச்சிகினு கீற? மனுசன் கோவப்படறதுக்குக்கூட லாயக்கில்ல. கேபிள மாத்து" என்றார்.

மாற்றினேன். செங்கல்பட்டில் கனமான செம்புக் கேபிளாக வாங்கி, பாடியில் முடுக்குகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளி மாதிரி மின்ன வைத்துப் பூட்டினேன். சாவியைப் பாதி திருப்புவதற்குள் எடுத்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பழைய கேபிளை டிக்கியில் போட்டேன்.

அடுத்த வாரம் புதுப்பட்டினம் போனோம். பாயின் மகளைத் தங்கச்சி மகனுக்குக் கொடுப்பதென்று பேச்சு. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இஷ்டம். நாள் குறிப்பதுதான் பாக்கி. நாளும் குறித்தார்கள். பிறகு பிரியாணி யார் செய்வது என்று பேச்சு வந்தது. பாய் செங்கல்பட்டுப் பண்டாரி என்றார். அவர் மச்சான், அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், புதுப்பட்டினத்துப் பண்டாரி என்றார்.

"உங்க ஊரு பிரியாணியா? போன கல்யாணத்துல ஸ்பூன் போட்டுக் குடிச்சேன் மச்சான்."

"கிளம்பு!"

வாசலில் இருந்த எனக்குக் கேட்டது. பாய் வந்து உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார். நான் வழக்கம்போலச் சாவியைத் திருப்பினேன். எடுத்துவிட்டது.

பாயின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். மாடிப்படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இறங்கியவர் முகம் அது. உள்ளே தங்கச்சி நிதானமாக டம்ளரை எடுத்துக்கொண்டிருந்திருக்கும் போல. வெறும் டம்ளரோடு ஓடிவந்து, "அண்ணே! அண்ணே!" என்றது. நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் நான் எப்படி நிறுத்துவது?

மெதுவாகத்தான் ஓட்டினேன். கல்பாக்கத்தில் வேலை முடிந்து சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திப் போனார். "இன்னாத்துக்கு இந்தப் பறப்பு பறக்கிற?" என்றார் பாய். சதுரங்கப்பட்டினம் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் யாரும் வரவில்லை.

அதன்பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. முதலில் யார் பேசுவது என்று இருவருக்கும் வீம்பு. குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு யாரும் சொல்லவில்லை. பாயின் மகள் ஒரு காலையில் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தது. கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, அந்தப் பழைய கேபிளு கீதா?"

நான் டிக்கியைப் பார்த்தேன். நான் பார்த்ததை அந்தப் பெண்ணும் பார்த்தது.

பெருநாள் வந்தது. தங்கச்சிக்குத் துணி எடுத்துக் கொடுப்பது பாயின் வழக்கம். சண்டை என்றாலும் அது நிற்கவில்லை. முந்தின நாளே நல்ல கேபிளைக் கழற்றி, கெட்ட கேபிளைப் பூட்டி வைத்தேன். என் தொழிலில் அப்படி ஒரு வேலை அதற்கு முன் செய்ததில்லை. காலையில் ஒழுங்காகத்தான் எடுத்தது. வழியில் பாய் கண்டிப்பாகச் சொன்னார். "நான் எறங்க மாட்டேன். பைய குடுப்பேன், கிளம்பணும். இஞ்சின நிறுத்தாத."

இது நான் எதிர்பாராதது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கேபிள் என்ன செய்யும்?

வாசலில் நின்றோம். தங்கச்சி வந்து பையை வாங்கியது. பாய் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். "கிளம்பு" என்றார் மெதுவாக. நான் கியரில் போட்டு கிளட்சைப் பட்டென்று விட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. சாவியைத் திருப்பினேன்.

டிக்.

அந்தச் சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டிருக்க வேண்டும். மச்சான் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு வெளியே வந்தார். காரைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

"ஆளக் கூப்பிடட்டுமா மச்சான்? டீ போடச் சொல்லட்டுமா?"

பாய் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். பிறகு, "டீயே சொல்லு" என்றார்.

டீ போய் நாஸ்தா ஆகி, நாஸ்தா போய்ச் சாப்பாடு ஆனது. இரண்டு பண்டாரி, இரண்டு தேக்சா பிரியாணி என்று முடிவானது. சாயங்காலம் நான் பானெட்டுக்குள் சும்மா தேய்த்துக்கொண்டிருந்தபோது பாய் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். பச்சை பூத்த முனையை வெகுநேரம் பார்த்தார்.

"புதுசு எங்கப்பா?"

"டிக்கில கீது பாய்."

"அங்கயே இருக்கட்டும்."

கல்யாணம் நடந்தது. புதுப்பட்டினத்துத் தேக்சாதான் முதலில் காலியானது. பாய்க்கு அதில் கோபம். வண்டி எடுக்கவில்லை.

பாய் இப்போது இல்லை. காரை எடைக்குப் போட்டபோது அந்தக் கேபிளை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். இந்தக் காலத்து வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் போதும். கோபம் வருகிறவன் வாசலுக்கு வருவதற்குள் வண்டி தயாராக நிற்கிறது.

போன பொங்கலுக்கு மகளும் மருமகனும் திருக்கழுக்குன்றத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஊரப்பாக்கத்துக்குத் திரும்பிப் போக எது நல்ல வழி என்று பேச்சு. நான் செங்கல்பட்டு என்றேன். மருமகன் போனைக் காட்டித் திருப்போரூர் என்றார். "போன் எத்தன வருசமா ஓட்டுது?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "கிளம்பு" என்றார் என் மகளிடம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியை மடிக்கத் தொடங்கினாள்.

காலையில் அவர் காரைக் கழுவித் துடைத்தது நான்தான். பானெட்டைத் திறந்தவன் சரியாகச் சாத்தவில்லை. அது என் மனைவிக்குத் தெரியும். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்து என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள். ஆணியில் தொங்கியதை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேட்டரி முனையைக் கழற்றுகிற பத்தாம் நம்பர் ஸ்பேனரை என் கையில் வைத்தாள்.

"டீக்குப் பால இப்பதான் அடுப்புல வெச்சிருக்கேன்" என்றாள்.

நான் பின்வாசல் வழியாகப் போனேன்.