அரைக் கிளச் என்ற பழி

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று எங்கள் முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னார். அவர் தன் ஆயுளில் ஒரு மோட்டார் சைக்கிளில் கால் போட்டு உட்கார்ந்தவர் இல்லை. ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே மலை ஏறி இறங்கியவர். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் சூப்பர்வைசர். வீடு சிலமலையில். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என் ஒருவன் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். தோட்டத்து மோட்டார் சைக்கிள் என் பொறுப்பில் இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். காய் பறிப்புக் காலத்தில் வாரம் ஒரு நாள், பொறுக்கியெடுத்த முதல் தர ஏலக்காயை ஒரு சின்ன மூட்டையாக அதில் வைத்து, போடியில் இருந்த முதலாளியின் சரக்குக் கிட்டங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற காயெல்லாம் பின்னால் ஜீப்பில் வரும்.

அந்த மூட்டையை முதலாளிதான் கட்டுவார். வேறு யாரும் தொடக் கூடாது. பின்னால் காரியரில் கட்டவிடமாட்டார். கொண்டை ஊசி வளைவில் வண்டி மெதுவாகும்போது எவனாவது பின்னாலிருந்து சாக்கைக் கிழித்துவிடுவான் என்பார். அதனால் மூட்டை பெட்ரோல் டேங்கின் மேல், என் வயிற்றுக்கு முன்னால் ஏறும். சணல் கயிற்றை டேங்குக்கு அடியில் விட்டு மேலே இழுத்து, முழங்காலை மூட்டையில் ஊன்றி இறுக்குவார். பிறகு முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் தன் மோதிரத்தை வைத்து அழுத்துவார். போடிக் கிட்டங்கியில் அவருடைய மைத்துனர் அரக்கு முழுசாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கயிற்றை அறுப்பார்.

எல்லாம் திருடனுக்காக என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சாக்கைக் கிழிக்க வருகிறவன் அரக்கைப் பார்த்துப் பயந்து ஓடுவானா என்று யோசிக்க எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. அரக்கு எனக்காகப் போட்டது. வழியில் அது உடைந்தால் திருடன் நான்தான்.

அந்தப் பருவத்தில், என்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்துகிற கிளச் பிளேட் இரண்டு தடவை எரிந்தது. மூட்டையை இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பும்போது, அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் என்ஜின் அலறும், வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். கருகல் வாடை மூக்கைத் துளைக்கும். கியர் விழும்போது பல் நொறுங்குகிற சத்தம். வண்டியை நிறுத்தி நியூட்ரல் தேடினால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கால் தவித்துக்கொண்டே இருக்கும்.

போடியில் மெக்கானிக் என் வயசுக்காரர், கெட்டிக்காரர். இரண்டாம் தடவை பிரித்தபோது பிளேட்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மாப்ளே, மோந்து பாரு. லீவரைப் பாதி புடிச்சுக்கிட்டு அரைக் கிளச்சுலயே மலை ஏத்துறியா?”

“கியர் போட்டதும் கையை முழுசா விட்டுருவேன்ப்பா.”

“வர்ற ஆளெல்லாம் இதைத்தான் சொல்றான். பிளேட்டு பொய் சொல்லுமா?”

புதுப் பிளேட் போட்டார். கிளச் லீவரில் ஒரு நாணயத்தின் கனத்துக்குத் தளர்ச்சி வைத்தார். அதற்குப் ‘பிளே’ என்று பெயர். பிளே இல்லாவிட்டால் லீவரைத் தொடாமலே கிளச் பாதி விலகி நிற்கும், பிளேட் உரசி உரசிக் கருகிவிடும் என்று விளக்கினார். பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். எப்படி இருக்கும்? மூட்டையைக் கிட்டங்கியில் சேர்க்காமல் வேறெங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு. மூட்டையோடு அந்த வண்டியை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்போதுதான் முதலாளி பட்டறைக்கு வந்தார். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி பேசினார்.

“இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியலப்பா. அரைக் கிளச்சுலயே போறான். இன்னொருவாட்டி பிளேட்டு எரிஞ்சுச்சு, சாவியைக் குடுத்துட்டு வேற சோலியைப் பாக்கச் சொல்லிருவேன்.”

என்னிடம் சொல்லவில்லை, மெக்கானிக்கிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த வாரம் காலையில் அதேபோல மூட்டையைக் கட்டி, அரக்கு வைத்து அனுப்பினார். மலையில் நல்ல குளிர். விரல்கள் மரத்துக் கிடந்தன. போடிமெட்டைத் தாண்டி இறங்கும்போது இரண்டாவது கியரில் இருந்தேன். அந்தக் கியரில் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. வண்டி தன்பாட்டுக்கு ஓடியது. பிரேக்கை விட்டு விட்டு மிதித்துத்தான் வளைவில் திருப்பினேன். மூன்றாவது வளைவில் அந்தக் கருகல் வாடை வந்தது.

இறக்கத்தில்! எல்லாரும் ஏற்றம் ஏற்றம் என்று என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, பிளேட் இறக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. ஏறும்போது நாங்கள் பார்த்ததெல்லாம் எரிந்து முடிந்த பிளேட்டின் வேலை.

ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு லீவரைத் தொட்டேன். பிளே சுத்தமாக இல்லை. கைப்பிடியில் இருந்த திருகை முழுக்க உள்ளே விட்டும் தளர்ச்சி வரவில்லை, பழையபடியே திருப்பி வைத்தேன். லீவரிலிருந்து கிளச் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது டேங்குக்கு அடியில் நுழைகிற இடத்தில் விரலை விட்டால், சணல் கயிறு தட்டுப்பட்டது. முதலாளியின் கயிறு வயரையும் சேர்த்து அள்ளி மேலே இழுத்திருந்தது. வயர் விறைத்துக் கிடந்தது. அவர் முழங்காலை ஊன்றி இறுக்கின இறுக்கெல்லாம் என் கிளச்சில் இறங்கியிருக்கிறது.

கயிற்றைத் தளர்த்தினால்தான் நிச்சயமாகும். கயிற்றின் மேல் அரக்கு. இப்படியே இறங்கினால் போடி போவதற்குள் பிளேட் போகும், வேலையும் போகும். அரக்கை உடைத்தால் திருட்டுப் பட்டத்தோடு வேலை போகும். ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். பட்டறை வாசலில் அவர் பேசின பேச்சு காதில் கேட்டது. பேனாக்கத்தியை எடுத்து முடிச்சை அறுத்துவிட்டேன். அரக்கு துண்டு துண்டாக ரோட்டில் விழுந்தது. வயர் தொய்ந்து கீழே இறங்கியது. லீவரில் மெக்கானிக் வைத்த பிளே அப்படியே திரும்பி வந்தது. ஆள் இல்லாத அந்த வளைவில் நின்று, எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிக் கத்தினேன்.

மூட்டையைக் காரியரில் கட்டிக்கொண்டு இறங்கினேன். என்ஜின் வண்டியை இழுத்துப் பிடித்தது. யாரும் சாக்கைக் கிழிக்க வரவில்லை.

கிட்டங்கியில் மைத்துனர் அறுந்த கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூட்டையை நிறுத்தார், எடை சரி. கையை உள்ளே விட்டு அடியிலிருந்து காயை அள்ளிப் பார்த்தார், அதுவும் சரி. “எதுக்கும் அவரு வரட்டும்” என்று என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். முதலாளியின் ஜீப் வர மத்தியானம் ஆயிற்று. அதற்குள் நான் ஆள் அனுப்பி மெக்கானிக்கை வரவழைத்திருந்தேன்.

“முதலாளி, நீங்க எப்பவும் கட்டுற மாதிரி ஒருவாட்டி கட்டிக் காட்டுங்க” என்றேன். வேண்டா வெறுப்பாகக் கட்டினார். முழங்காலை ஊன்றி இறுக்கினார். மெக்கானிக் லீவரைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து டேங்குக்கு அடியில் கையை விட்டார். அவர் முகம் மாறிவிட்டது.

“முதலாளி, பிளே சுத்தமா இல்ல. கயிறு வயரைத் தூக்கிப் புடிச்சிருக்கு. இப்படிக் கட்டுனா எவன் ஓட்டுனாலும் பிளேட்டு எரியத்தான் செய்யும். மாப்ள மேல தப்பே இல்ல. நானும் தெரியாம அவரைப் பேசிட்டேன்.”

முதலாளியிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். ‘சரி விடுப்பா’ என்றிருந்தால் போதும், அத்தனையையும் மறந்திருப்பேன்.

“அதெல்லாம் சரி. அரக்கை யாரைக் கேட்டு உடைச்ச?” என்றார்.

அவரே மேலே சொன்னார்: இனி மூட்டை காரியரில் போகலாம், வேலையில் நான் இருக்கலாம், ஆனால் உத்தரவில்லாமல் அரக்கை உடைத்தது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மைத்துனர் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

சாவியை அவர் முன்னால் வீசிவிட்டு சிலமலைக்கு நடந்தேன் என்று இங்கே எழுத எனக்கு ஆசைதான். வீசவில்லை. உட்கார்ந்து எழுதினேன். அவர் வாங்கிப் படித்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்ல பயதான். சொன்னாக் கேட்டுக்குவான்.”

அந்தக் காகிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தாரோ, அன்றைக்கே கிழித்துப் போட்டாரோ, தெரியாது. அவர் மேல் இருக்கும் கோபத்தை இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டும் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அரக்கை உடைத்தது தவறு என்று அதில் இருந்தது பொய், எழுதியது நான்.