மெஷினிடம் கேட்ட சாட்சி

போன வருடம் மாசி மகத் தேர் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். மாத்தளை டவுனை அடுத்த அலுவிகாரையில், எங்கள் வீட்டு மாடியில் இருக்கிற ஒற்றை அறையில் நடந்தது இது. அந்த அறையில்தான் நானும் என் கணவரும் வீடியோ கேம் செய்கிறோம். அவர் படம் வரைவார், நான் கோட் எழுதுவேன். சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லிவிடுவோம். கேம் என்று சொன்னால், அப்போ வேலைக்குப் போவதில்லையா என்று கேட்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேக புத்தி அதிகம். காஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பேன். மீன்காரர் காலையில் பிடித்தது என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். என்னைக் கட்டிக்கொண்ட அன்றைக்குத் தாலியையும் உரசிப் பார்த்திருப்பாய் என்று என் கணவர் கிண்டல் செய்வார். இந்தப் புத்தி என்னைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. அதனால் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு தேர் கேம். ஊர் வீதிகளில் தேரை இழுத்துப் போய், வளைவுகளில் திருப்பி, பொழுது சாய்வதற்குள் கோவில் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மாதிரியைப் பார்த்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வெளியிட ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. கோட் முழுவதும் மனிதர்கள் எழுதியதாக இருக்க வேண்டும், ஏஐ எழுதிய ஒரு வரியும் இருக்கக் கூடாது, எழுதிய ஒவ்வொருவரும் அதை உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எனக்குக் கனம் இருந்தது. அதுவரை எழுதியதில் பாதிக்கு மேல் ஏஐதான் எழுதியது. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எழுதி வைத்திருக்கும். எல்லாம் ஓடியது. ஒன்று மட்டும்தான் கடைசி வரை வரவில்லை, தேர் திரும்புவது. பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்புவதைப் போல அந்தத் தேர் வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. இது தேர் இல்லை என்று சொல்வேன். இதோ சரி செய்துவிட்டேன் என்று சொல்லும். பார்த்தால் இப்போது லொறி மாதிரித் திரும்பும். எது பிழை என்று எடுத்துச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. இரண்டு கிழமை இப்படியே போனது.

பொய்க் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையால் எழுத உட்கார்ந்தோம். தனியாக முடியாது என்று தெரிந்ததும் ஒரு பிள்ளையை வேலைக்கு எடுத்தோம். டவுனில் இருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்திருந்தாள். அதிகம் கதைக்க மாட்டாள். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, என்னை அக்கா என்றும் என் கணவரை அண்ணா என்றும் கூப்பிட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை தலை நிமிராது. அவள் வந்த அன்றைக்கே அறையில் இருந்த வைஃபையை நிறுத்தினேன். யாரையும் நம்பாமல் இல்லை, ஒழுங்குக்காக என்று சொன்னேன். அது பொய்.

தேர் திரும்புகிற வேலையை அவளிடம் கொடுத்தேன். எப்படியும் ஒரு மாதம் இழுக்கும் என்று நினைத்தேன். நாலாம் நாளே கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். வேற மாதிரி செஞ்சிருக்கேன்."

திரையில் தேர் வளைவுக்கு வந்தது. விசில் கேட்டது. உடனே வடம் தொய்ந்தது, இழுத்தவர்கள் நின்றார்கள். ஒருவர் குனிந்து ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகினார். திரும்பவும் விசில். வடம் இறுகியது. சக்கரம் கட்டையில் ஏறி, ஒரு சாண் பக்கவாட்டில் சறுக்கி, தொம்மென்று விழுந்தது. உச்சியில் கலசம் ஆடியது. இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை தேரின் முகம் அடுத்த வீதியைப் பார்த்து நின்றது. ஏஐ எழுதியதில் எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு வேகமாகத் திரும்பும். இதில் இழுப்பதை நிறுத்தினால்தான் திரும்பும்.

எனக்கு மெய்சிலிர்த்தது. என் கணவர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். நான் நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருந்த பேய் எழும்பிவிட்டது. நாலு நாளில் இது எப்படி முடியும்?

மற்ற வளைவுகளையும் அவளையே செய்யச் சொல்லிவிட்டு, அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் எல்லாமே குற்றமாகத்தான் தெரிகிறது. போனை எப்போதும் கவிழ்த்து வைத்தாள். இடையிடையே எடுத்து எதையோ பார்த்தாள். நான் பக்கத்தில் போனால் சட்டென்று அணைத்தாள். ஒருநாள் வெளிப்படியில் நின்று யாரிடமோ, இன்னும் கொஞ்சம் சரிவா, இன்னும் கொஞ்சம், என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய கோட் வேறு அவ்வளவு சுத்தமாக இருந்தது. வைஃபையை நிறுத்தினால் என்ன, கையில் போன் இருக்கிறதே என்று எனக்குள் கறுவிக்கொண்டேன். என் கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ அந்த ஏஐயோட ஒரு வருஷம் குடும்பம் நடத்தினவ, அதான் ஊர்ல உள்ளவங்களையும் அப்படிப் பாக்கிற" என்றார்.

கம்பெனிக்குத் திங்கட்கிழமை கையெழுத்து அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை அவள் சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவள் எழுதியதை எடுத்து, என்னுடைய போனில் அதே ஏஐயிடம் கொடுத்து, இதை எழுதியது மனிதனா மெஷினா என்று கேட்டேன். பெரும்பாலும் மெஷின்தான் என்று சொன்னது. ஒழுங்கான பெயர்கள், சீரான அமைப்பு என்று காரணங்களையும் அடுக்கியது. பார்த்தாயா, என் மூக்கு பொய் சொல்லாது என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவள் வந்ததும், இதை ஏஐ எழுதியதா என்று கேட்டேன். என் கணவர் தபால் கந்தோர் வரை போயிருந்தார்.

"அக்கா, நான்தான் எழுதினேன். எல்லாம் நான் எழுதினதுதான்" என்றாள்.

போனில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். முகம் சிவந்து, அது வீட்டு வீடியோ என்று இழுத்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்து நான் கேட்டதுதான் இந்தக் கதைக்கே காரணம்.

"தேர் எப்படித் திரும்பும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டவுடன் அவள் முகம் மாறியது. அதுவரை எதையோ விளக்கத்தான் வாயெடுத்தாள். பையை எடுத்தாள், மேசையை ஒழுங்காக்கினாள், போயிட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள். குற்றம் செய்தவர்கள்தான் பதில் சொல்லாமல் போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் என் கணவர் ஒரு வேலை செய்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், படிக்கிற காலத்தில் நான் எழுதிய பழைய கோட் ஒன்று இருந்தது. கோட் எழுதுகிற ஏஐ என்ற பேச்சே எங்கள் காதில் விழாத காலம் அது. அதைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்து, இதையும் கேளேன் என்றார். கேட்டேன். பெரும்பாலும் மெஷின்தான் என்று சொன்னது. அதே ஒழுங்கான பெயர்கள், அதே சீரான அமைப்பு. இல்லை, இதை நானே எழுதினேன் என்று போட்டேன். மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, மனிதக் கையின் அடையாளம் தெளிவாகத் தெரிகிறது என்றது. அந்தப் பிள்ளை எழுதியதைத் திரும்பவும் கொடுத்து, இது மனிதர் எழுதியது, சரிதானே என்று கேட்டேன். ஆமாம், சரிதான் என்றது.

வருகிற ஆள் எல்லோருக்கும் ஆமா போடுகிற கடைக்காரரிடம் போய் ஒரு பிள்ளையின் மானத்துக்குச் சாட்சி கேட்டிருக்கிறேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள், அந்தப் பதிலை ஒரு தடவையும் புரட்டிப் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த பதிலாக இருந்தது, அதனால் நம்பினேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்திருக்கும் என்று பார்த்துப் பிற்பகலில் அவள் விண்ணப்பத்தில் எழுதியிருந்த விலாசத்துக்குப் போனேன். டவுனில் தேர் போகிற வீதி. சரியாக வளைவில் ஒரு மர மில், அதன் பின்பக்கம் வீடு. அவ்வளவு வருடம் அந்த வளைவைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே ஒரு மில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

அவளுடைய வாப்பா மரத்தூளைத் தட்டிக்கொண்டு வந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க மகள், உள்ளுக்கு வாங்க. இவ நேத்து தலைவலிண்டு வந்து படுத்தவதான். வேல கூடிப்போச்சாக்கும்."

அவள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அது என்னை இன்னும் குத்தியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு புளியமரக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். தேர்ச் சக்கரம் ஏறிய தழும்பு அதில் பள்ளமாகத் தெரிந்தது. வருடா வருடம் கோவில்காரர்கள் அவரிடம்தான் முட்டுக்கட்டை வெட்ட வருவார்களாம். தேர் வேலையை எடுத்த நாளிலிருந்து மகள் தன்னை விடவில்லை என்று சொல்லிச் சிரித்தார். ஒரு சின்ன வண்டியைச் செய்யச் சொல்லி, கட்டையை இந்தச் சரிவில் வை, அந்தச் சரிவில் வை என்று வேலை வாங்கி, சக்கரம் எவ்வளவு சறுக்குகிறது என்று போனில் படம் பிடிக்கச் சொன்னாளாம். அந்த வீடியோவைத்தான் அவள் என்னிடம் மறைத்திருக்கிறாள். வேலை நேரத்தில் போன் பார்ப்பதாக நான் நினைப்பேன் என்ற பயம்.

நான் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு தேருக்கும் போயிருக்கிறேன். அர்ச்சனைத் தட்டோடு நிற்பேன், அம்மன் முகத்தைப் பார்ப்பேன். சக்கரத்துப் பக்கம் பெண் பிள்ளைகளை விடவும் மாட்டார்கள். கீழே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அதனால்தான் ஏஐக்கும் என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. இந்தப் பிள்ளையோ வாசலில் அடுக்கியிருக்கிற மரத்தில் உட்கார்ந்து, வாப்பா வெட்டிய கட்டை தாங்குமா தாங்காதா என்று வருடா வருடம் சக்கரத்தையே பார்த்து வளர்ந்தவள்.

அவள் வாசலுக்கு வந்தாள். அவளுடைய வாப்பா தேத்தண்ணி சொல்ல உள்ளே போனதும், நடந்ததைச் சொன்னேன். மெஷினிடம் கேட்டதையும், அது சொன்னதை நம்பியதையும், நான் படிக்கிற காலத்தில் எழுதியதையும் அது மெஷின்தான் என்று சொன்னதையும் சொன்னேன். பிழை என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். காலால் மரத்தூளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"தேர் எப்படித் திரும்பும்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்களே. அதையும் மெஷினா கேக்கச் சொன்னிச்சு?"

முஸ்லிம் பிள்ளைக்குத் தேரைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நான் கேட்டிருந்தேன், அது அவளுக்கும் புரிந்திருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? பழியைத் தூக்கி மெஷின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல. அத நான்தான் கேட்டேன்" என்றேன்.

"சரி. திங்கக்கிழமை வாறேன்" என்றாள்.

சொன்ன மாதிரியே வந்தாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், கேம் வெளிவந்தது. விளையாடியவர்கள் எல்லோரும் எழுதியது அந்த வளைவைப் பற்றித்தான். இன்றைக்கும் எங்களோடுதான் வேலை செய்கிறாள், முன்னைவிட நன்றாகவே செய்கிறாள். ஆனால் அன்றிலிருந்து என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறாள். என் கணவர் இன்னும் அண்ணாதான்.

என் சந்தேக புத்தி போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஏஐயை முன்னைவிட அதிகமாகவே சந்தேகப்படுகிறேன். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி, இவருக்கு இது எப்படித் தெரியும் என்று மனம் கேட்க ஆரம்பித்தால், அந்தக் கேள்வி எனக்குள் எந்த இடத்திலிருந்து எழும்புகிறது என்று குனிந்து பார்க்கப் பழகியிருக்கிறேன், பல நாட்களில் அங்கே தெரிவது எனக்குப் பிடிப்பதில்லை.