பொன்னுசாமியின் படுக்கை வண்டி

1946 கோடையில் பொன்னுசாமி அந்தப் பட்டாளத்து வண்டியை ஓட்டிக்கொண்டு செஞ்சிக்குள் நுழைந்தபோது, கடைத்தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சண்டை முடிந்ததும் சர்க்கார் ஏலத்தில் தள்ளிவிட்ட ஆம்புலன்ஸ் அது. முன்பு வைத்திருந்த வெள்ளைக்கார டாக்டர் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறார். சுவரோடு மடிக்கிற இரண்டு பலகைக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு பெட்டி, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குத் திரை எல்லாம் இருந்தன. பர்மா எல்லையில் இதே மாதிரி வண்டி ஓட்டியவன், பட்டாளத்தில் கொடுத்த பணம் முழுவதையும் இதில் போட்டுவிட்டான். "நிலம் வாங்கியிருக்கலாமே" என்று ஊரில் எல்லோரும் புத்தி சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவராவது சேரிக்காரனுக்கு நிலம் விற்றிருப்பாரா?

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பட்டாளத்துக்குப் போகுமுன் ஓர் ஐப்பசி அமாவாசைக்கு மனைவி பவுனம்மாளை மேல்மலையனூர்க் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. சத்திரத்தில் ஏறி நின்றவளை, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். காய்ச்சலோடு விடியும்வரை நனைந்தாள். அதே ஊரில், எவனையும் கேட்காமல், அவள் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வண்டி.

பவுனம்மாள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். படுத்தும் பார்த்தாள்.

"இன்னாய்யா, இது நெசமாவே நம்புளுதா?"

"பின்ன? ஐப்பசிக்கு மலையனூர்ல இதுல படுத்துத் தூங்கு. எவன் எறங்கச் சொல்றான்னு பாக்கலாம்."

பெட்ரோல் ரேஷனில் இருந்த காலம். சொட்டுச் சொட்டாகச் சேர்க்க ஆரம்பித்தான்.

ஆடி மாதத்தில், மிராசுதார் தாண்டவராயனின் அண்ணன் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் செத்துப் போனார். சேரிக் குடிசைகள் நின்ற மனை மிராசுதாருடையது. அவருடைய காரியஸ்தன் விநாயகம் வந்து வண்டியைக் கேட்டான். பொன்னுசாமி யோசிக்கவே இல்லை. செத்தவனை வழியில் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது பட்டாளத்தில் படிந்த பழக்கம். போனான், கட்டிலில் ஏற்றினான், கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினான்.

"வாடகை இன்னா வேணும்?" என்று விநாயகம் கேட்டான்.

"பொணத்துக்கு வாடகையா ஆண்டே? வேணாம்."

பெரிய மனசு! அந்தப் பெரிய மனசுதான் அவன் தலையில் மண்ணைப் போட்டது. வாடகை வாங்கியிருந்தால் அவன் டிரைவர். வேண்டாம் என்று சொன்னதும் அவன் யார் என்று ஊருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவன் அப்பன் பெரியதம்பி அந்த ஊர் வெட்டியான். மூன்றாம் நாள் விநாயகம் வந்து, வண்டிப் படியருகே ஒரு மரக்கால் நெல்லையும் கோடித் துணியையும் மண்ணில் வைத்துவிட்டுப் போனான். வெட்டியானுக்கு வைக்கிற வழக்கப்படியே வைத்தான். எந்த வேலைக்குப் பயந்து பொன்னுசாமி பட்டாளத்துக்கு ஓடினானோ, அந்த வேலை நாலு சக்கரத்தில் வந்து அவன் வாசலில் நின்றது.

பவுனம்மாள் அந்தத் துணியைத் தொடவில்லை. "நீ ஏன்யா வேணாம்னு சொன்ன?" என்றாள்.

அதற்குப் பிறகு திண்டிவனத்திலிருந்து ஒன்று, சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து ஒன்று. பிணம் எடுப்பதென்றால் மட்டும் ஊர்க்காரர்கள் எங்கிருந்தோ பெட்ரோல் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பவுனம்மாள் கட்டிலைச் சாணம் கரைத்துக் கழுவினாள். பொண வண்டி என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

ஐப்பசி அமாவாசை காலையில் பாய், சட்டி, அரிசி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவள் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். அப்போதுதான் விநாயகம் வந்தான். மிராசுதாரின் மாமியார் பக்கத்துச் சேத்துப்பட்டில் செத்துவிட்டாளாம்; பிணத்தைச் செஞ்சிக்குக் கொண்டுவர வேண்டுமாம்.

"இன்னிக்கு முடியாது ஆண்டே. கோயிலுக்குப் போறோம்."

"உன் நைனா என்னிக்காவது முடியாதுன்னு சொன்னானாடா?"

"அப்ப வாடகை குடுங்க. வாடகை வண்டியா வரேன்."

விநாயகம் சிரித்தான். "அன்னிக்கு வேணாம்னவன் இன்னிக்கு இன்னா புதுசா? நீ வரல்லன்னா ஒன் குடிசை மட்டும் போவாது. சேரிக் குடிசையெல்லாம் பிரிச்சிடச் சொல்வாரு. பாத்துக்க."

பொன்னுசாமி சேரியைத் திரும்பிப் பார்த்தான். நாற்பது கூரைகள். பவுனம்மாளே வண்டியில் ஏறி, பாயையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீ போ. நான் நடந்தே போறேன்."

"பவுனு, திரும்பி வந்ததும்..."

"இனிமே நான் அதுல படுக்க மாட்டேன்யா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இருக்கையில் தன் துண்டை விரித்து அதன்மேல் விநாயகம் உட்கார்ந்துகொண்டான். சேத்துப்பட்டுக்குப் போய்ப் பிணத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது உச்சிவேளை. மலையனூர் ரோடு பிரிகிற வளத்திக்கு இந்தப்பக்கம் ரோடு நிறைய மலையனூர் போகிற சனம் எதிரே வந்துகொண்டிருந்தது. வண்டியைக் கண்டதும் தள்ளுமுள்ளாக வயலில் இறங்கி வழிவிட்டார்கள். பவுனம்மாளும் இறங்கினாள். தலையில் பாய், புடவையில் முழங்கால் வரை சேறு. பொன்னுசாமியின் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

"நிறுத்தாதடா, உள்ள பொணம் இருக்குது" என்றான் விநாயகம்.

பொன்னுசாமி நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் செய்தது போலவே, அவளும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.