பதினொன்று ஐம்பத்திரண்டு

டாக்டர் கோவிந்தம்மாள் பனமலைக்காரர். கேப்பையும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிட்ட குடும்பம். அந்த ஊரிலிருந்து சென்னைக்குப் போய் எல்.எம்.பி. மருத்துவப் படிப்பில் தேறி வந்த முதல் பெண். 1952 ஜூனில், திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய பிரசவ விடுதியில் பொறுப்பேற்றார். ஆண் டாக்டரிடம் போகக் கூசி வீட்டிலேயே செத்துக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு மாட்டுவண்டி ஏறி வந்தார்கள். புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்திலிருந்துகூட வந்தார்கள்.

நான் அங்கே உதவித் தாதி. எழுதப் படிக்க நானாகக் கற்றிருந்ததால், பதிவேட்டில் ஊசி போட்ட நேரத்தைக் குறிப்பது என் வேலை. அதில் பிறந்த நேரத்தை டாக்டர் மட்டுமே எழுதுவார். அந்த நேரத்தை வைத்துத்தான் வீட்டார் ஜாதகம் கணிப்பார்கள். பத்து நிமிடம் தள்ளி எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்களும் உண்டு. "கடியாரம் சொல்றதத்தான் எழுதுவேன்" என்பார். ஐந்து ஆண்டுகளில், ஆயிரத்து நாற்பத்தாறு பிரசவங்களில், ஒரு முறையும் அவர் இணங்கியதில்லை.

1957இல் அம்சா வந்தாள். தாய் வீடு இல்லாதவள். அவளுடைய மாமியார் காலையிலேயே பஞ்சாங்கம் பார்த்துவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பதினொன்றே முக்கால் வரை பூசம், அதற்கு மேல் ஆயில்யம். அந்த நட்சத்திரத்துப் பெண்ணை மருமகளாக எடுக்க எல்லோரும் அஞ்சுவார்கள்.

பெண் குழந்தை 11.52க்குப் பிறந்தது. குழந்தையின் கையில் கட்டும் சீட்டில் நான் அதைப் பென்சிலால் குறித்தேன். உடனே உதிரம் பெருகியது. டாக்டர் ஊசி போட்டார். பதிவேட்டில் 11.55 என்று மையால் எழுதினேன். உதிரம் நிற்கவில்லை. புதுச்சேரிக்குக் கொண்டுபோகக் கார் தேடி ஆள் ஓடினான்.

அம்சாவுக்கு நினைவு இருந்தது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயில்யம்னு எழுதிடாதீங்கம்மா. நானும் பூட்டா, ஆத்தாள முழுங்கிட்டு வந்துதுன்னு தூக்கிப் போட்ருவாங்க. அதுக்குப் போக வேற எடம் இல்ல."

"நீ எங்கயும் போவல. பேசாத இரு."

கார் வருமுன் அம்சா இறந்துவிட்டாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். பிறந்த நேரத்துக்குக் காலியாக இருந்த கட்டத்தில் 11.35 என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் என் மை காய்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வீட்டார் புகார் கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் விசாரணை. அறக்கட்டளைச் செயலாளர் விருத்தாசலம் அந்த இரண்டு கட்டங்களின் மேலும் விரல் வைத்தார்.

"பொறந்தது பதினொன்னு முப்பத்தஞ்சு. ஊசி பதினொன்னு அம்பத்தஞ்சு. இருவது நிமிஷம் ரத்தம் போய்க்கினே இருந்திருக்குது. நீங்க என்னம்மா பண்ணிக்கினு இருந்தீங்க, காப்பி சாப்ட்டுக்கினா?"

எதிர் பெஞ்சில் மாமியார் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "பூசத்துல பொறந்த புள்ள. இது மேல ஒரு குத்தமும் இல்ல. ஆத்தாளத்தான் இந்தம்மா கொன்னுட்டாங்க."

11.52 என்று நான் குறித்து, குழந்தையின் கையில் கட்டாமல் வைத்துக்கொண்ட சீட்டு என் இடுப்பில் இருந்தது. எழுந்தேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஒக்காருடி."

பிறகு செயலாளரிடம், "அது என் கையெழுத்துதாங்க" என்றார்.

கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுதி அவரை நீக்கினார்கள். அந்த ஆணையைப் பார்த்த பிறகு எந்த மருத்துவமனையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பொம்மையார்பாளையத்தில், மீனவர் வீடுகளில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்து, 1966இல் காலமானார்.

ஆணையை ரத்து செய்யக் கோரி அறக்கட்டளைக்கு மூன்று முறை எழுதினேன். நகல்கள் என்னிடம் உள்ளன. புதிய ஆதாரம் இருந்தால் அனுப்பவும் என்று ஒரே ஒரு பதில் வந்தது. அன்று மாலை அம்சாவின் பெண் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து என் தெரு வழியாகப் போனாள். பதிலையும் சீட்டோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் வைத்தேன்.

இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை. டாக்டரின் பெயரும்தான்.