சுவருக்குக் காய்ச்சல் பார்ப்பவர்

அடுப்பில் தேநீருக்கு வைத்த தண்ணீர் சத்தம் போடத் தொடங்குவதற்குள் கூடத்துச் சுவர், படுக்கையறைச் சுவர், மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலை எல்லாவற்றையும் அவர் தொட்டு முடித்திருப்பார். தொடுவது புறங்கையால். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று கழுத்தடியில் வைத்துப் பார்க்கிற அதே கை, அதே மாதிரி. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "ம்ஹும், இன்னும் சில்லுனுதான் இருக்கே நீ" என்பார். சுவரிடம்தான் சொல்கிறார்.

எங்கள் தெருவில் அவர் டெய்லரம்மா. கால்சட்டைக்கு உயரம் குறைப்பார், ஜிப் மாற்றுவார், அக்காவின் சீருடையைப் பிடித்துத் தங்கைக்கு ஆக்கித் தருவார். புதுத் துணி தைப்பதில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை. "புதுசு வாயே தொறக்காது. பழசுன்னா எங்க இழுக்குது, எங்க பிடிக்குதுன்னு அதுவே சொல்லிடும்" என்பார். வேலை செய்யும்போது உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள் வரிசையாக இருக்கும். அப்போது பேச்சு முழுவதும் புருவத்தால்தான். சரி, தப்பு, நாளைக்கு வா, இவ்வளவு குண்டாகிவிட்டாயே என்று எல்லாவற்றையும் புருவமே சொல்லிவிடும். குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார் என்றால், எதிரே நிற்பவர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

வீடு அவருடைய தையலிலும் கணவருடைய வேனிலும் கட்டியது. கணவர் பேக்கரி வேன் ஓட்டுகிறார். பூச்சு வேலை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வைக்காத ஓட்டைகள் வழியே சாரல் அடித்து, புதுச் சுவர் ஊறிப்போயிற்று. அதன் பிறகு ஜன்னல் வந்தது, கதவு வந்தது, கடைசியில் மனிதர்களும் குடிவந்தார்கள். பெயின்ட் மட்டும் வரவில்லை. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் சிமென்ட் நிறத்தைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எப்ப பெயின்ட்?" என்று கேட்பார்கள்.

"அது காஞ்சு முடிச்சதும். கட்டப் பொறுத்தாச்சு, காயப் பொறுக்க முடியாதா?"

பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இல்லை. வாரம் ஒரு முறை, துணியில் கோடு போடுகிற நீலச் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு சுவர் சுவராகப் போவார். ஈரத்தில் கறுத்துத் தெரிகிற திட்டின் விளிம்போடு, கழுத்து வளைவு வெட்டப்போகிறவர் மாதிரி, கை நடுங்காமல் ஒரே இழுப்பில் ஒரு கோடு. அடுத்த வாரம் திட்டு சுருங்கியிருக்கும். உள்ளே இன்னொரு கோடு. கோட்டுக்குள் கோடாக வீடு முழுவதும் நீல வளையங்கள். கூடத்துச் சுவரில் இருந்த பெரிய திட்டு உட்கார்ந்திருக்கும் பூனை மாதிரி இருந்தது. அவருடைய சின்ன மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்து, "அம்மா, பூனைக்கு வால் போயிடுச்சு" என்று செய்தி வாசித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள்.

கணவர் விடமாட்டார். "அளவெடுத்தாச்சா? கை வெச்சுத் தைக்கப்போறியா, கையில்லாமலா?"

"உங்க வாய்க்குத்தான் ஒண்ணு தைக்கணும். துணி பத்தாது."

இந்தச் சண்டை விளையாட்டுதான். ஆனால் அதற்கு அடியில் இருந்தது விளையாட்டு இல்லை. முன்பு குடியிருந்த வாடகை வீட்டில், சின்னவள் படுக்கிற பக்கத்துச் சுவர் எப்போதும் கறுத்துப் பூத்திருக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால் மறுநாளே ஆள் வந்து வெள்ளை அடித்துவிட்டுப் போவான். அடித்ததற்கு அடியிலேயே ஈரம் உட்கார்ந்திருக்கும். மறுபடி பூக்கும், மறுபடி வெள்ளை. சின்னவளுக்கு மூச்சு இழுக்கும். உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே விடியவைத்த இரவுகளைப் பற்றி டெய்லரம்மா அதிகம் பேசுவதில்லை. "ஈரத்து மேல பெயின்ட் அடிக்கறது, அழுக்குத் துணிய இஸ்திரி போடற மாதிரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். புது வீட்டிலும் சின்னவளின் கட்டில் இன்னும் அவள் அறைக்குப் போகவில்லை. தையல் மெஷின் இருக்கிற அறை முதலில் காய்ந்தது. பெரியவளையும் சேர்த்து நாலு பேருக்கும் அங்கேதான் படுக்கை.

அதே கறுத்த சுவர் கணவரையும் பிடித்து வைத்திருந்தது, வேறு விதமாக. வெகுதூரத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் எப்போதாவதுதான் வருவார். கடைசியாக வந்தபோது அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "எப்படிடா இதுல இருக்கீங்க?" என்று கேட்டார். கரிசனமாகத்தான் கேட்டார். தம்பிக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. இப்போது அண்ணன் மறுபடி வருவதாகச் செய்தி வந்ததும், மனைவிக்குப் பின்னாலேயே நடக்கத் தொடங்கினார்.

"கூடம் மட்டும். கதவத் தொறந்ததும் தெரியற அந்த ஒரு சுவரு மட்டும்."

"பூனை இன்னும் இருக்கு."

"அண்ணன் ரெண்டு நாள்தான் இருப்பாரு. அதுக்கப்புறம் உன் பூனைய நீயே வளத்துக்கோ."

டெய்லரம்மா குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தார். "உங்க அண்ணன் ரெண்டு நாள் பாப்பாரு. நம்ம பொண்ணு தினம் மூச்சு விடணும்."

அத்துடன் பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலைகள் கொண்டுபோய் மாட்டிவிட்டு மாலையில் திரும்பியபோது, வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. கூடத்துச் சுவர் வெண்ணெய் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பெயின்டர் வாளியைக் கழுவிக்கொண்டே, "ரெண்டு கோட் ஓட்டிட்டேங்க்கா, ஒண்ணும் தெரியாது" என்றான். கணவர் வேனுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

டெய்லரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் கோடெல்லாம்?"

"உள்ளதான்க்கா இருக்கும்" என்றான் பெயின்டர்.

அண்ணன் வந்தார். அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து, "பரவால்லடா, பளிச்சுனு இருக்கு" என்றார். தம்பி அன்று உட்காரவே இல்லை. வீட்டைச் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டே இருந்தார். டெய்லரம்மா இரண்டு நாளும் முகம் கோணாமல் தேநீர் கொடுத்தார், பரிமாறினார். அண்ணனின் பயணப்பைக்கு அறுந்திருந்த கைப்பிடியைத் தைத்தும் கொடுத்தனுப்பினார்.

அண்ணன் போன சில நாட்களில், காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சின்னவள் கத்தினாள். "அம்மா, பூனை திரும்பி வந்துடுச்சு!"

வந்துதான் இருந்தது. கடைசியாகப் போட்ட கோட்டின் வடிவத்தைத் தாண்டாமல், காதும் முதுகுமாகப் பெயின்ட் கொப்புளம் கட்டி எழும்பியிருந்தது. கணவர் வந்து அந்தக் கொப்புளத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"திட்டிடு" என்றார்.

"திட்டினா சுவரு காயுமா? அந்தச் சுரண்டற தகட்ட எடுங்க."

இருவருமாக உட்கார்ந்து சுரண்டினார்கள். ஆறிய பாலின் மேல் ஆடை வருவது போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. கணவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் நீலக் கோடு அப்படியே ஒட்டியிருந்தது. அதை எறியாமல் மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைக்கப் போனவரை, "பையெல்லாம் ஒட்டும், துவைக்கறது யாரு?" என்று டெய்லரம்மா அதட்ட, குப்பைக்குப் போயிற்று.

இப்போது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள், கூடத்தில் பாதி வெண்ணெய் நிறமும் பாதி சிமென்ட்டுமாக ஒரு சுவரைப் பார்க்கலாம். அதில் புதிதாகக் கோடுகள் விழுந்திருக்கின்றன. பூனை குட்டியாகி, பிறகு காது மட்டுமாகி, போன வாரம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. ஜன்னல்கள் பகலெல்லாம் திறந்தே இருக்கின்றன. கணவர் பெயின்ட் பேச்சையே எடுப்பதில்லை.

நேற்று ஒரு கால்சட்டை கொடுக்கப் போயிருந்தேன். டெய்லரம்மா வாய் நிறையக் குண்டூசிகளோடு ஒரு பாவாடை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். கணவர் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கூடத்துச் சுவருக்குப் போய், ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய உள்ளங்கையை அந்தப் பொத்தான் மேல் அழுத்தினார்.

"காஞ்ச மாதிரிதான் இருக்கு... இல்ல?"

டெய்லரம்மா பாவாடையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். குண்டூசிகளை எடுக்கவில்லை. எழுந்து போய், அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திருப்பி, புறங்கையைச் சுவரில் வைத்தார்.