ஈசானிய மூலையில் ஒரு களாச்செடி

நளினி எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் எங்கள் தெருவே ஒரே குரலில் சொல்லும்: பிடிவாதக்காரி. நான் எதிர்வீட்டுக்காரி. நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதை நான் பாராட்டாகச் சொல்கிறேன்.

லாட்ஜ் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள் சூப்பர்வைசர். கணவன் வேணு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வீடு கட்டிய புதிதில் தெருவில் எல்லோரும் நர்சரியில் குரோட்டன்ஸ் வாங்கி வைத்தோம். இவள் மட்டும் நகரிப் பக்கம் தன் ஊர்க் கரட்டிலிருந்து ஒரு களாக்கன்றைக் கோணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து, வடகிழக்கு மூலையில் நட்டாள்.

அது உரம் கேட்கவில்லை, தண்ணீருக்கும் ஏங்கவில்லை. ஆள் உயரத்துக்குப் புதராகிவிட்டது. மாசியில் வெள்ளையாகப் பூத்து வாசனை எங்கள் கூடம் வரைக்கும் வரும். ஆனியில் காய் சிவந்து, பிறகு கறுத்துப் பழுக்கும். அந்த முள்ளுக்குள் பூனை மூக்கைக்கூட நுழைக்காது என்பதால் கொண்டைக்குருவிகள் அங்கேதான் கூடு கட்டும். குஞ்சுகளுக்காக அவை புழு பொறுக்குவதில், நளினி தன் கத்தரிச்செடிக்கு மருந்தே அடிப்பதில்லை. பூவுக்குத் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வரும். எங்கள் குரோட்டன்ஸில் ஒரு ஈ உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகிப் பல வருஷங்களாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பழி செடியின் மேல் விழுந்தது. முள் செடி வீட்டுக்கு ஆகாதாம். உடைத்தால் பால் வடிகிற செடி அதைவிட ஆகாதாம். களாவுக்கு இரண்டும் உண்டு, அதுவும் ஈசானிய மூலையில்! வாஸ்து பார்க்க வந்தவர் வீட்டுக்குள் கால் வைக்காமலே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வாசலுக்கு நேரே வைக்காமல் விட்டதே பெரிய விஷயம் என்றார். ரோஜாவுக்கும் முள் இருக்கிறதே என்று நான் கேட்டேன். அது வேறயாம். முள்ளிலும் வேண்டியவர், வேண்டாதவர் உண்டு போலிருக்கிறது.

இப்படிச் சொன்ன அதே வாய்கள்தான் காய்க் காலத்தில் கிண்ணத்தோடு வந்து நிற்கும். பருப்பில் போட வேண்டும், ஊறுகாய் போட வேண்டும். "கலேகாயலு உன்னாயா, நளினி?" என்று களாக்காய் கேட்டுத் தெலுங்கில் குழைவார்கள். நளினி கேட்டைத் திறக்கவே மாட்டாள்.

"ஆவாத செடியோட காய் மட்டும் ஆவுமா? பட்சிங்க துன்னட்டும், போங்க."

போன ஆனியில் வேணுவின் அக்கா சுந்தரம்மா புத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். கூடவே வெட்டுக்கத்தியோடு கருப்பன் என்கிற கூலியாள். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது, நானும்தான். சுந்தரம்மா கை காட்ட, கருப்பன் ஒரு கிளையை வெட்டினான். பால் சொட்டியது. உள்ளேயிருந்து இரண்டு கொண்டைக்குருவிகள் அலறிக்கொண்டு வந்து அவன் தலையைச் சுற்றின.

"இன்னொரு வெட்டு உழுந்துது, நடக்கிறதே வேற!" நளினி ஓடிவந்து செடிக்குக் குறுக்கே நின்றாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் சுந்தரம்மா. "இது இருக்கிற வரைக்கும் இந்த வூட்ல தொட்டில் ஆடாது."

"உள்ள எட்டிப் பாருங்க அண்ணி. மூணு குஞ்சு வாயத் தொறந்துக்கினு கீது. வருசத்துக்கு ரெண்டு பிரசவம் நடக்கிற எடம் இது. இதுவா வம்சம் வெளங்காத செடி?"

"அப்போ கொறை யார்கிட்ட?"

தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். செடிக்குத் தெரியாது. அத உட்ருங்க."

நளினி தலை நிமிர்ந்துதான் நின்றாள். இத்தனை வருஷம் காது கூசும் பேச்சையெல்லாம் அப்படித்தான் நின்று கேட்டிருக்கிறாள்.

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த வேணு துணியைப் போட்டுவிட்டு வந்தான். கருப்பனிடமிருந்து கத்தியை வாங்கி அக்காவிடம் நீட்டினான்.

"வெட்டணும்னா என்னை வெட்டுக்கா. கொறை என்கிட்டதான். டாக்டரு எப்பவோ சொல்லிட்டாரு. எனக்கு அவமானமாப் பூடும்னு இவ வாயத் தொறக்கல."

சுந்தரம்மா கத்தியைத் தொடவில்லை. நளினிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மெல்ல நழுவப் பார்த்த கருப்பனை நிறுத்தினாள்.

"எங்க ஓடறே? வந்தது வந்துட்டே, ஒரு குழி தோண்டிட்டுப் போ. கூலி நான் குடுக்கிறேன். இன்னொரு களா வைக்கணும்."

"எங்கம்மா தோண்டறது?"

அவள் சுந்தரம்மாவைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே கூடி நின்ற எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வாசலுக்கு நேரா."